ஏலத்துக்கு முந்தி வீட்டை விற்க முடியுமா?

சங்கரன்கோவிலில் வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பங்கள் உண்டு. முன்கட்டில் குடியிருப்பு, பின்கட்டில் நாலு விசைத்தறி. வங்கியில் அடமானம் வைக்கும்போது இரண்டும் ஒரே பத்திரத்தில், ஒரே சர்வே எண்ணில் போய்விடும். நூல் விலை ஏறுகிறது, சேலைக்கு ஆர்டர் குறைகிறது, மூன்று மாதம் தவணை நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குடியிருக்கும் இடமும் பிழைப்புக்கான இடமும் சேர்ந்தே ஜப்திக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் எந்த வீட்டுக்காரருக்கும் எழுகிற கேள்வி ஒன்றுதான்: பேங்க்காரர்கள் விற்பதற்கு முந்தி நானே விற்றுக் கடனை அடைத்துவிட்டால் என்ன? கடன் முழுவதற்கும் விலை வராவிட்டாலும், வந்ததை வாங்கிக்கொண்டு விட மாட்டார்களா? அதுவரைக்குமாவது ஏலத்தைத் தள்ளிப்போட மாட்டார்களா?

இந்தக் கேள்விக்கு நம் சட்டத்தில் நேரான பதில் கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக அரைப் பதில்கள் கிடக்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

அமெரிக்காவில் இதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். பாக்கிக் கடனைவிடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்க வங்கியே சம்மதித்து, வந்த தொகையை வாங்கிக்கொண்டு அடமானத்தை விடுவிக்கும் ஏற்பாடு அது. 2007க்குப் பிறகு அங்கே வீட்டு விலைகள் சரிந்து, லட்சக்கணக்கானவர்களின் கடன் வீட்டின் விலையைத் தாண்டிவிட்டபோது இது பெருவழக்காயிற்று. 2010 ஏப்ரலில் அந்நாட்டு அரசு இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதைவிட முக்கியமானது 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி. ஏலத் தேதிக்கு 37 நாட்களுக்கு மேல் இருக்கும்போது வீட்டுக்காரர் முழுமையான விண்ணப்பம் கொடுத்துவிட்டால், அதற்குப் பதில் சொல்லாமல் கடன் நிறுவனம் ஏலத்தை நடத்தக் கூடாது. ஒரு கையால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு மறு கையால் வீட்டை ஏலம் விடுவதை அந்த விதி தடுத்தது. நம் ஊர் வீட்டுக்காரருக்கு இல்லாதது இதுதான்.

நம் வங்கிகளிடம் இருக்கும் ஆயுதம் 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டம். நீதிமன்றப் படியேறாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை அது வங்கிக்குக் கொடுக்கிறது. தவணை 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. பிறகு 13(2) பிரிவின்படி நோட்டீஸ் வரும். மொத்தப் பாக்கியையும் 60 நாளுக்குள் கட்டச் சொல்லும். அதற்கு வீட்டுக்காரர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். 60 நாள் கழிந்தால் சுவாதீன நோட்டீஸைக் கதவில் ஒட்டுவார்கள். அடுத்த ஏழு நாளுக்குள் அது இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். கடைசியாக விற்பனை அறிவிப்பு. முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம். அதில் ஆள் வராமல் மறுபடி ஏலம் விட்டால் 15 நாளே போதும்.

உள்ளூர் முன்சீப் கோர்ட்டிலோ சப் கோர்ட்டிலோ தடை வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டத்தின் 34ஆம் பிரிவு சிவில் நீதிமன்றக் கதவை அடைத்துவிட்டது. சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்காரர் மதுரையில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் சுவாதீன நடவடிக்கை தொடங்கிய பிறகு, 45 நாளுக்குள். சில சொத்துகள் இந்தச் சட்டத்துக்குள் வராது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. விவசாய நிலத்தை இதன் கீழ் எடுக்க முடியாது. பாக்கி ஒரு லட்சத்தைத் தாண்டாவிட்டாலும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே மீதி இருந்தாலும் வங்கி இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. பல வருடம் ஒழுங்காகத் தவணை கட்டிவிட்டுக் கடைசியில் சறுக்கியவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்ததும் பதறிப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி விற்பனைக்கு வருவோம். 13(2) நோட்டீஸ் வரும்வரை வீட்டுக்காரர் தாராளமாக ஆள் தேடலாம். அடமானம் இருப்பது வில்லங்கச் சான்றில் தெரியும். வாங்குபவரும் வங்கிக் கடனில் வாங்குகிறார் என்றால், அவருடைய வங்கி பாக்கித் தொகைக்கு நேராகக் கடன் கணக்கின் பேரில் டிடி எடுத்துக் கொடுக்கும். கடனை அடைத்த கையோடு பழைய வங்கி மூலப் பத்திரத்தை விடுவிக்கும், அடமானத்தை ரத்து செய்யும் ரசீது பதிவாகும், கிரயமும் முடியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியம்தான்.

நோட்டீஸ் வந்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. 13(13) பிரிவின்படி, வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அந்தச் சொத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. சம்மதம் கேட்டால் எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமா, பதில் வரும்வரை ஏல வேலை நிற்குமா என்பது குறித்து அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. கிளை மேலாளர் "மண்டல அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கு" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கோப்பு உண்மையிலேயே அங்கேதான் இருக்கும். ஏலத்தை நடத்துகிற அதிகாரியின் மேசையில் இருப்பது வேறொரு கோப்பு. அது நிற்காமல் நகர்ந்துகொண்டிருக்கும்.

இதற்கிடையில் நாளிதழில் விளம்பரம் வந்துவிடும். சின்ன ஊரில் அதன் விளைவு பெரிது. கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர், தெரு, நான்கெல்லை எல்லாம் தமிழில் அச்சாகி டீக்கடை பெஞ்சுக்கு வந்துசேரும். அதுவரை விலை பேசிக்கொண்டிருந்தவர் மறுநாள் பேச மாட்டார். தரகர் வந்து, "அண்ணாச்சி, அதான் பேப்பர்ல வந்துட்டுல்லா, ஏலத்துலயே பாத்துக்கிடுவோம்னு நினைக்காவ" என்று சொல்லிவிட்டுப் போவார். வாங்க வந்தவருடைய வங்கியும் இந்தச் சொத்தின் மேல் கடன் தரத் தயங்கும். ரொக்கம் வைத்திருப்பவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ரொக்கக்காரர் அவசரத்தை அளந்து விலை சொல்கிறவர். வீட்டுக்காரரை எச்சரிக்க வேண்டும் என்பதற்காகச் சட்டம் வைத்த அறிவிப்பே அவர் வீட்டின் விலையை விழுத்தாட்டுகிறது. விலை விழுந்தால் வங்கிக்கும்தான் நஷ்டம். இந்தச் சிக்கலின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்காகவே பார்க்கலாம். பாக்கி 22 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு முன் வெளியில் 24 லட்சம் கேட்கிறார்கள். அப்போதே விற்றால் கடன் அடைந்து, வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கையில் 2 லட்சம் நிற்கும். விளம்பரத்துக்குப் பின் வருபவர் 19 லட்சம் சொல்கிறார். ஏலத்தில் 20 லட்சம் அடிவிலை வைத்து ஆள் வராமல், மறு ஏலத்தில் 18 லட்சத்துக்குப் போகிறது. இழுபறி நடக்கும் ஒவ்வொரு மாதமும் 16,500 ரூபாய் வட்டி ஏறுகிறது, ஏலச் செலவும் கணக்கில் சேர்கிறது. வீடு போன பிறகும் 4 லட்சத்துக்கு மேல் கடன் நிற்கிறது. அதை வசூலிக்க 13(10) பிரிவு வங்கிக்கு வழி வைத்திருக்கிறது. தொகை 20 லட்சத்துக்குக் கீழே என்றால் சிவில் நீதிமன்றம், அதற்கு மேல் என்றால் தீர்ப்பாயம். எண்கள் ஊருக்கு ஊர் மாறும், போக்கு மாறாது.

வங்கி குறைந்த தொகைக்குச் சம்மதிக்கவே சம்மதிக்காதா? சம்மதிப்பதுண்டு. அதற்கு ஓடிஎஸ், அதாவது ஒரே தவணைத் தீர்வு என்று பெயர். சமரசத் தீர்வுகளுக்கு ஒவ்வொரு வங்கியும் தன் நிர்வாகக் குழு ஒப்பிய கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது கடன்காரரின் உரிமை இல்லை. பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓடிஎஸ் கொடுத்தே தீர வேண்டும் என்று எந்த வங்கிக்கும் உயர் நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று சொல்லிவிட்டது. வங்கி இரங்கினால் உண்டு, இரங்காவிட்டால் இல்லை.

விற்பனை விதிகளுக்குள்ளேயே ஷார்ட் சேலுக்கு மிக நெருக்கமான இரண்டு இடங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் கடன்காரருக்கு எடுத்துச் சொல்வதில்லை. சர்பாசி சட்டத்தின் கீழ் வந்த 2002ஆம் ஆண்டு விதிகளில் 8ஆவது விதி, பொது ஏலம் மட்டுமல்லாமல் தனிப்பட்ட பேச்சுவார்த்தை மூலமும் சொத்தை விற்கலாம் என்கிறது. அதன் நிபந்தனைகளைத் தரப்பினர் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2016 வரை அந்த விதியில் இருந்தது. அந்தத் தரப்பினரில் கடன்காரரும் சேர்த்தியா என்ற கேள்வி தமிழ்நாட்டிலிருந்து போன பாண்டியாஸ் வழக்கில் எழுந்தது. கடன்காரரோடு எழுத்தில் உடன்பாடு காணாமல் நடந்த தனி விற்பனை செல்லாது என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016 திருத்தம் அந்த வாசகத்தை மாற்றி, நிபந்தனைகளை வங்கியும் வாங்குபவரும் எழுத்தில் முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆக்கிவிட்டது. என்றாலும், வீட்டுக்காரர் வாங்கும் ஆளைக் கூட்டிவந்து, வங்கி சம்மதித்தால் தனி விற்பனையாக முடிப்பதற்கு விதியிலேயே இடம் இருக்கிறது. இன்னொன்று 9ஆவது விதியில் வருகிறது. ஏலத்தில் அடிவிலைக்கு மேல் கிடைக்காவிட்டால், கடன்காரரும் வங்கியும் சம்மதிக்கும் விலைக்கு அதிகாரி விற்கலாம். ஏலம் ஒருமுறை தோற்ற பிறகு வீட்டுக்காரர் சொல்லும் விலைக்கு மதிப்பு உண்டு என்பதே இதன் பொருள். மறு ஏலத்துக்கு அடிவிலையைக் குறைக்கும் முன் இந்த வழியை எழுத்தில் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

விற்று அடைக்கும் உரிமை எந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கிறது என்பதில்தான் கடந்த பத்தாண்டுகளில் பெரிய மாற்றம் வந்திருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, அடமானத்தை மீட்கும் உரிமை சொத்து கிரயமாகிக் கைமாறும்வரை இருந்தது. சர்பாசி சட்டமும் முதலில் விற்பனை நடக்கும் நாள்வரை இடம் கொடுத்தது. 2016 திருத்தம் 13(8) பிரிவை மாற்றியது. விற்பனை அறிவிப்பு வெளியாவதற்கு முன் மொத்தத் தொகையையும் கட்டினால்தான் இப்போது மீட்க முடியும். செலிர், பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் ஏலம் முடிந்த பின்னும் கடன்காரருக்கு வாய்ப்புக் கொடுத்தது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் வந்த கே.பி.கே. ஆயில்ஸ் வழக்கும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான். அறிவிப்பு வெளியானதும் உரிமை முடிந்தது என்று நீதிபதிகள் பார்திவாலாவும் மகாதேவனும் உறுதி செய்தார்கள். கூடவே, சட்டத்துக்கும் விதிகளுக்கும் இடையே இருக்கும் முரண்களைச் சுட்டி, நிதி அமைச்சகம் இவற்றை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள்.

ஆகவே காலத்தை நீட்டுவதற்காக மதுரைக்கு ஓடுவது பெரும்பாலும் வீண். தீர்ப்பாயம் இடைக்காலத் தடை கொடுத்தாலும், பாக்கியில் ஒரு பங்கைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் வழக்கமாகக் கொடுக்கும். மேல்முறையீட்டுக்குச் சட்டமே பாதித் தொகையைக் கேட்கிறது, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனம் வைத்தால் கால் பங்காகக் குறையும். வங்கி நோட்டீஸ் சட்டப்படி இல்லை, 30 நாள் கொடுக்கவில்லை, விளம்பரம் சரியாக வரவில்லை என்பது போன்ற உண்மையான குறை இருந்தால் போகத்தான் வேண்டும். வெறும் நாள் கடத்தப் போனால் வக்கீல் ஃபீசும் வட்டியும்தான் ஏறும்.

அதைவிட ஆபத்தான ஒரு வழி இந்தப் பக்கத்தில் உண்டு. வங்கித் தவணைக்குக் கந்துவட்டி வாங்குவது. 2003லிருந்து தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் தீக்குளித்தது, கணவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் மாண்டார்கள். அந்தக் குடும்பத்தின் கடன் கந்துவட்டிக் கடன், வங்கிக் கடன் இல்லை. ஆனாலும் வீட்டுக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரர் வாசலில் போய் நிற்க நினைக்கும் யாரும் அந்த நாளை மறக்கக் கூடாது. வங்கி ஏலத்துக்காவது விதி உண்டு, தேதி உண்டு, கேள்வி கேட்க ஒரு தீர்ப்பாயம் உண்டு.

வேறென்ன செய்யலாம்? இங்கேதான் நம்முடைய பழைய சட்டம் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் கட்டளை, 83ஆம் விதி. நீதிமன்ற ஏலத்துக்கு உத்தரவான சொத்தைத் தானே விற்றோ, அடமானம் வைத்தோ, குத்தகைக்கு விட்டோ கடனை அடைக்க முடியும் என்று கடன்காரர் நீதிமன்றத்தை நம்பவைத்தால், நீதிமன்றம் ஏலத்தைத் தள்ளிவைக்கலாம். இவ்வளவு நாளுக்குள் விற்றுக்கொள் என்று அவர் கையில் ஒரு சான்றிதழும் கொடுக்கும். பணம் அவர் கைக்குப் போகாது, நீதிமன்றத்தில் கட்டப்பட வேண்டும். நீதிமன்றம் உறுதி செய்யும்வரை அந்த விற்பனை நிலைக்காது. ஏலத்தைத் தள்ளிப்போடும் விற்பனையை நம் சட்டம் நூறு வருடத்துக்கு முன்பே யோசித்து, ஏமாற்றுக்கு இடமில்லாமல் வேலியும் போட்டு வைத்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால், அதே விதியின் மூன்றாம் உட்பிரிவு அடமானத் தீர்ப்பில் வரும் ஏலத்துக்கு இது பொருந்தாது என்கிறது. வீட்டை அடமானம் வைத்தவருக்கு அங்கேயே கதவு சாத்தியாயிற்று.

ஆனாலும் அது முழுக்க மறைந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் 66ஆம் விதியாக அதே ஏற்பாடு இருக்கிறது. கடன் மீட்புத் தீர்ப்பாயச் சான்றிதழின் பேரில் மீட்பு அதிகாரி சொத்தை விற்கும்போது, அந்த அட்டவணையின் விதிகளை இயன்றவரை பின்பற்ற வேண்டும் என்று அந்தத் தீர்ப்பாயங்களை அமைத்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒரே வங்கி ஒரே வீட்டைத் தீர்ப்பாயம் வழியாக விற்றால் அவகாசம் கேட்க ஒரு விதி இருக்கிறது. சர்பாசி வழியாக விற்றால் இல்லை. எந்த வழி என்பதை வங்கியே முடிவு செய்கிறது. இந்த வேற்றுமைக்கு ஒரு நியாயமான காரணத்தையும் என்னால் காண முடியவில்லை.

வங்கித் தரப்பில் ஒரு பதில் இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. மைத்துனர் பேரில் போலி கிரய ஒப்பந்தம் எழுதி, பத்தாயிரம் அட்வான்ஸ் என்று காட்டி, அதை வைத்துக்கொண்டு ஏலத்தை இழுத்தடித்தவர்கள் இருக்கிறார்கள். வங்கியிடம் இருப்பது ஊர் மக்கள் போட்ட டெபாசிட் பணம், அது திரும்பி வரத்தான் வேண்டும். அதற்காகத்தான் 1908 விதி பணத்தைக் கடன்காரர் கையில் கொடுக்கவில்லை. ஏல அதிகாரியின் கணக்கில் வாங்குபவர் கால் பங்கை முதலில் கட்ட வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்குக் கீழே போகக் கூடாது, அவகாசம் ஒரே ஒரு முறைதான் என்று நிபந்தனை வைத்தால் மைத்துனர் வர மாட்டார். ஏலத்தில் எடுப்பவரும் இதே கால் பங்கைத்தான் உடனே கட்டுகிறார். மீதியை 15 நாளில் கட்டுகிறார், எழுத்தில் ஒத்துக்கொண்டால் மூன்று மாதம் வரை நீட்டிக்கவும் அவருக்கு விதி இடம் தருகிறது. முன்பின் தெரியாத ஏலதாரருக்குக் கொடுக்கும் மூன்று மாதத்தை வீட்டுக்காரர் கூட்டிவரும் ஆளுக்குக் கொடுப்பதில் வங்கிக்கு என்ன நஷ்டம்?

விதி மாறும்வரை நம் ஊர்க்காரர் செய்யக்கூடியது நாளை முன்னுக்கு இழுப்பதுதான். முதல் தவணை தவறிய மாதமே வீட்டுக்கு விலை கேட்கத் தொடங்க வேண்டும். அவமானம் என்று மூடி வைத்திருக்கும் மூன்று மாதத்தில்தான் நல்ல விலை போய்விடுகிறது. தறிக்காக வாங்கிய தொழில் கடன் என்றால் உத்யம் பதிவோடு போய், சிறுதொழில் மறுவாழ்வுக்காக மத்திய அரசு 2015 மே மாதம் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி கணக்கை வங்கியின் குழு முன் வைக்கச் சொல்ல வேண்டும். கணக்கை வாராக்கடன் ஆக்கும் முன் வங்கிகள் அதைப் பின்பற்றியாக வேண்டும் என்று 2024ல் ப்ரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேட்காமல் உட்கார்ந்திருந்தால் கிடைக்காது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

13(2) நோட்டீஸ் வந்துவிட்டால், பதில் கடிதத்திலேயே மூன்று விஷயங்களை எழுதலாம். இன்ன விலைக்கு இன்னார் வாங்கத் தயார், 13(13) பிரிவின்படி சம்மதம் வேண்டும், விற்ற பணம் நேராகக் கடன் கணக்கில் வரும். வாய்ப்பேச்சு எதற்கும் உதவாது. பதிவுத் தபாலில் போனால்தான் பின்னால் தீர்ப்பாயத்தில் காட்ட ஒரு தாள் இருக்கும். வங்கி குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டால், மீதிக் கடன் முழுவதும் தள்ளுபடி, ஜாமீன்தாரர் மீதும் பாக்கி இல்லை என்ற வாசகம் அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். அந்த வாசகம் இல்லாத கடிதத்தை நம்பிப் பணம் கட்டியவர்களுக்கு மீதிப் பாக்கிக்குப் பிறகு சம்மன் வரலாம். சிபில் அறிக்கையில் கணக்கு 'செட்டில்' ஆனதாகவே நிற்கும், முழுக்க அடைத்ததாகக் காட்டாது. அடுத்த கடன் வாங்கும்போது அது தெரியவரும். பணம் கட்டி முடித்த பிறகு 30 நாளுக்குள் மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதி.

கே.பி.கே. ஆயில்ஸ் தீர்ப்புக்குப் பிறகு நிதி அமைச்சகம் சர்பாசி விதிகளைத் திருத்த உட்காருமானால், நாடாளுமன்றம் வரை போகாமல் 8ஆவது விதியிலேயே ஒரு உட்பிரிவு சேர்த்துவிடலாம். வீட்டுக்காரரின் விற்பனை விண்ணப்பத்துக்கு 15 நாளுக்குள் வங்கி எழுத்தில் பதில் தர வேண்டும், அதுவரை விற்பனை அறிவிப்பை வெளியிடக் கூடாது. ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல அதே 15 நாளைச் சட்டம் ஏற்கெனவே வங்கிக்கு விதித்திருக்கிறது. அதை வங்கிகள் செய்துகொண்டுதான் இருக்கின்றன.